பொம்மைக்கு ஏன் வியர்க்கிறது?

1984-ல் அமெரிக்காவின் எல்ஜேஎன் நிறுவனம் மல்யுத்த வீரர்களின் உருவங்களை ரப்பர்போல வளையும் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கத் தொடங்கியது. ஏறத்தாழ எட்டு அங்குல உயரம், நல்ல கனம், உள்ளே காலியிடமே இல்லாத கெட்டி உருவம். கையைத் தூக்க முடியாது, காலை மடக்க முடியாது. ஹல்க் ஹோகன் எந்த நிலையில் வார்க்கப்பட்டாரோ அதே நிலையில்தான் அடி கொடுக்கவும் வேண்டும், வாங்கவும் வேண்டும். 1989 வரை வந்த அந்த வரிசையில் அட்டை பிரிக்காத உருவங்களுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் பெரும் மதிப்பு. ஆனால் அந்தக் காலத்து மென்மையான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பல வருடம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் சிலவற்றின் தோளும் முதுகும் மினுமினுக்கும். விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். யாரும் எண்ணெய் தடவவில்லை. உள்ளேயிருந்தே கசிந்து வந்திருக்கிறது.

ஆக்‌ஷன் ஃபிகர் எனப்படும் இத்தகைய வீர உருவங்களைச் சேர்க்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். புதிதாக ஓர் உருவம் கடைக்கு வந்த அன்றே வாங்கிப் பிரித்து, திருப்பி, மடக்கிப் பார்த்து விமர்சனம் சொல்கிறவர்களும் ஏராளம். முகம் அசலைப்போல இருக்கிறதா, மூட்டுகள் எத்தனை, கூடவே பெல்ட்டோ மடக்கு நாற்காலியோ தந்திருக்கிறார்களா, கொடுத்த காசுக்குத் தகுமா என்றெல்லாம் விரிவாக அலசுகிறார்கள். எந்தப் பாகம் எந்தப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். மூட்டு இறுகுவதும் தளர்வதும், முகம் மஞ்சளாவதும், கணுக்கால் சாய்வதும் அந்த ஒரு விடையைப் பொறுத்தவை.

பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடு இயல்பிலேயே விறைப்பானது. வீட்டு மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாய் பெரும்பாலும் அதுதான். அதே பொருளை ஒரு சூப்பர் ஹீரோவின் மேலங்கியாகவோ மல்யுத்த வீரரின் தலைமுடியாகவோ வளைய வைக்க வேண்டுமானால், பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப் பதமான திரவத்தைக் கலக்க வேண்டும். பிவிசியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அதன் விறைப்புக்குக் காரணம். எண்ணெய் படாத இடியாப்பம் ஆறியதும் ஒரே கட்டியாகிவிடுகிறது. கொஞ்சம் எண்ணெய் விட்டால் இழைகள் நழுவிப் பிரிகின்றன. சங்கிலிகளுக்கு இடையே புகுந்துகொள்ளும் பிளாஸ்டிசைசர் செய்வதும் அதைத்தான். மிக மென்மையான பிவிசியில் எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோகூட இந்தத் திரவமாக இருக்கலாம்.

இந்தத் திரவத்துக்கும் பிவிசிக்கும் வேதிப்பிணைப்பு ஏதும் கிடையாது. வெறுமனே இடையில் தங்கியிருக்கிறது. ஆண்டுகள் போகப்போக மெல்ல நகர்ந்து மேற்பரப்புக்கு வருகிறது. அங்கிருந்து ஆவியாகிப் போகலாம். போக வழியில்லாவிட்டால் அங்கேயே படலமாகத் தேங்கலாம். நாம் பார்க்கும் பிசுபிசுப்பு அந்தப் படலம்தான். தூசி அதில் ஒட்டிக் கருக்கும்.

சேகரிப்பாளர்களின் பெரிய தர்மசங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் பொம்மை புதிதாகவே இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் உள்ளே காற்றோட்டமே இல்லாததால் கசிந்த திரவம் வெளியேற முடியாமல் பொம்மையின் மேலேயே படிகிறது. சரி, பிரித்து வெளியே வைத்துவிடலாம் என்றால், திரவம் ஆவியாகி ஆவியாகிப் பொம்மை வறண்டு, சுருங்கி, கடைசியில் வெடிக்கக்கூடும். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் பொருட்களின் பாதுகாப்பை ஆராய்ந்த யுவோன் ஷஷூவா, மென்மையான பிவிசி பொருட்களைக் கண்ணாடிக் கலத்தில் மூடி வைத்தால் பிளாஸ்டிசைசர் இழப்பு குறைகிறது என்று காட்டினார். பாலித்தீன் பையில் போட்டு வைத்தால் பை அந்தத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது, இழப்பு கூடுகிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று பொம்மையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைக்கும் நம் வழக்கத்துக்கு நேர்மாறான முடிவு இது. பிசுபிசுப்பைக் கழுவிவிடலாம். வறண்டுபோன பிவிசியை யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே பழைய மென்மையான உருவங்களுக்கு நன்றாக மூடிய கண்ணாடி அலமாரிதான் சரியான வீடு என்பது என் முடிவு.

பிவிசி தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளவும் செய்யும். வெப்பமும் வெளிச்சமும் பட்டால் அதன் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடாகப் பிரிகின்றன. எஞ்சிய சங்கிலியில் அடுத்தடுத்து இரட்டைப் பிணைப்புகள் உருவாகின்றன. அவை நீல ஒளியை விழுங்குவதால் நம் கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது. இன்னும் கூடினால் பழுப்பு. வெளியேறிய அமில வாயு பக்கத்தில் உள்ள சங்கிலிகளின் சிதைவையும் தூண்டுகிறது. இதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே நிலைப்படுத்திகளைச் சேர்க்கிறார்கள். அவையும் ஒருநாள் தீர்ந்துபோகும். வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலின் தோராயமான விதி. லண்டனில் 20 டிகிரி அறையில் இருக்கும் உருவத்தைவிடச் சென்னையில் 35 டிகிரி அறையில் இருக்கும் அதே உருவம் ஏன் சீக்கிரம் மூப்படைகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றும் நடக்கும். மென்மையான பிவிசியில் செய்த காலணியோ மேலங்கியோ பாலிஸ்டைரீன் போன்ற கடினமான பிளாஸ்டிக்கின் மேல் நீண்டகாலம் ஒட்டிக் கிடந்தால், கசிந்த திரவம் அதைக் கரைத்து அச்சுப் பதித்துவிடும். நெருப்பே படாமல் உருகியதுபோன்ற தழும்பு. இரண்டு பொம்மைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு வைக்கக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுவே.

பிளாஸ்டிசைசர்களில் நெடுங்காலம் கோலோச்சியவை தாலேட் வகைச் சேர்மங்கள். குழந்தைகள் பொம்மையை வாயில் வைப்பதால் அவை உடலுக்குள் போகின்றன, ஹார்மோன்களின் செயல்பாட்டைப் பாதிக்கக்கூடும் என்ற கவலையில் ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும் அமெரிக்கா 2008-லும் டிஇஎச்பி உள்ளிட்ட மூன்று தாலேட்டுகள் பொம்மைகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டன. இப்போது சிட்ரேட் போன்ற மாற்றுகள் வந்திருக்கின்றன. கசிவு என்ற குணம் அவற்றுக்கும் உண்டு. பழைய பொம்மைகளைச் சேர்ப்பவர்கள் அவற்றைக் கைக்குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது.

இனி மூட்டுக்கு வருவோம். ஆக்‌ஷன் ஃபிகர் என்ற வகையின் உயிரே அதில்தான் இருக்கிறது. 1964-ல் ஹாஸ்ப்ரோ வெளியிட்ட ஜி.ஐ. ஜோ பன்னிரண்டு அங்குலச் சிப்பாய். நகரும் பாகங்கள் 21 என்று விளம்பரப்படுத்தினார்கள். உள்ளே கொக்கிகளில் மாட்டிய மீள்நாண்கள்தான் கைகால்களை உடம்போடு இழுத்துப் பிடித்தன. 1982-ல் அதே பெயரில் வந்த சிறிய உருவங்களில் இடுப்பும் காலும் ஒரே ஒரு ரப்பர் வளையத்தில் தொங்கின. ரப்பரின் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. ஆக்சிஜனும் ஓசோனும் அவற்றைத்தான் முதலில் தாக்கும். இழுபட்ட நிலையிலேயே இருக்கும் ரப்பரில் விரிசல் இன்னும் எளிதாக விழும். ஒருநாள் வளையம் அறுந்து சிப்பாய் இரண்டாகக் கையில் வந்துவிடுவார். கென்னர் நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங்கின் கதையும் கிட்டத்தட்ட இதே. லேட்டெக்ஸ் தோலுக்குள் கெட்டியாக்கிய சோளப்பாகு. இழுத்தால் நீண்டு மெல்லச் சுருங்கும் அற்புதம். தோல் வெடித்து, பாகு இறுகி, நல்ல நிலையில் தப்பியவை அரிது.

மல்யுத்த உருவங்களை வைத்து மூட்டின் பரிணாமத்தையே சொல்லிவிடலாம். எல்ஜேஎன் உருவங்களில் மூட்டே இல்லை. 1990 முதல் 1994 வரை ஹாஸ்ப்ரோ தயாரித்த நாலரை அங்குல உருவங்களில் ஸ்பிரிங் வைத்தார்கள். ஒரு பாகத்தை இழுத்து விட்டால் வீரர் எதிரியைத் தாக்குவார். 1996-ல் ஜாக்ஸ் பசிபிக் வந்தபோது முழங்கையிலும் முழங்காலிலும் பற்கள் வைத்த மூட்டு. மடக்கினால் எலும்பு முறிவதுபோல நொறுக் நொறுக்கென்று சத்தம். மல்யுத்த டிரம்ப் கார்டில் அண்டர்டேக்கர் என்ற வீரரின் எடையையும் உயரத்தையும் மனப்பாடம் செய்து வளர்ந்த நம்மூர்த் தலைமுறைக்கு அந்தச் சத்தம் எவ்வளவு பிடித்திருக்கும்! 2010-ல் டபிள்யூடபிள்யூஇ என்ற மல்யுத்த நிறுவனத்தின் பொம்மை உரிமம் மேட்டலிடம் போனது. அந்நிறுவனத்தின் எலைட் வரிசையில் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, தொடை, கணுக்கால் எல்லாம் திரும்பும். சூப்பர் ஹீரோக்கள் பக்கம் 2002-ல் டாய் பிஸ் தொடங்கிய மார்வெல் லெஜண்ட்ஸ் இதே பாய்ச்சலைச் செய்திருந்தது.

மூட்டு நிற்பது உராய்வால். ஆணியும் குழியும் ஒன்றையொன்று அழுத்த வேண்டும். அழுத்தம் அதிகமானால் திருப்பும்போது ஆணி முறியும். குறைந்தால் கை தொங்கிவிடும். இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் வடிவமைப்பாளர் வேலை செய்கிறார். அதனால்தான் ஒரே உருவத்தில் பல பிளாஸ்டிக்குகள் இருக்கும். உடம்புக்கும் கைகால்களுக்கும் ஏபிஎஸ் என்ற விறைப்பான பிளாஸ்டிக் அல்லது பிவிசி. முடிக்கும் மேலங்கிக்கும் மென்மையான பிவிசி. சில ஜப்பானியத் தயாரிப்புகளில் மூட்டுக்கு மட்டும் பிஓஎம் என்ற வழுக்கும், தேயாத பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறார்கள். விலை கூடுதல்தான். ஆனால் நூறு முறை மடக்கிய பிறகும் பிடிப்பு மாறாத மூட்டுக்கு அந்த விலை தகும்.

பிளாஸ்டிக் திடப்பொருள்போலத் தோன்றினாலும் தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். பொறியியலில் இதை ஊர்வு என்பார்கள். குழிக்குள் இறுக்கமாகச் செருகிய ஆணி சில ஆண்டுகளில் தளர்வது இதனால்தான். அலமாரியில் கம்பீரமாக நிறுத்திய வீரர் மே மாதத்தில் முன்பக்கம் சாய்ந்து குப்புற விழுவதும் இதனால்தான். ஆறங்குல உருவத்தின் பாதம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கணக்குப் போட்டால், நிமிர்ந்த நிலையிலிருந்து எட்டு டிகிரி சாய்ந்தாலே ஈர்ப்பு மையம் பாதத்தைத் தாண்டிவிடும். நமக்குத் தடுமாறினால் தசைகள் சரிசெய்யும். பொம்மைக்கு அந்த வசதி இல்லை. கணுக்கால் கொஞ்சம் இளகினால் போதும், அந்த எட்டு டிகிரி வந்துவிடும்.

இதே இளக்கத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். கலப்பில்லாத பிவிசி சுமார் 80 டிகிரியில் கண்ணாடிபோன்ற விறைப்பிலிருந்து ரப்பர் பதத்துக்கு மாறும். பிளாஸ்டிசைசர் கூடக்கூட அந்த மாற்றம் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே நடக்கும். ஏபிஎஸ்ஸுக்கு அது 105 டிகிரியை ஒட்டி. பெட்டிக்குள் நசுங்கி வளைந்த வாளையோ சாய்ந்த காலையோ சூடான தண்ணீரில் சற்று நேரம் வைத்து, நேராக்கி, அந்த நிலையிலேயே பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் நேராகவே நிற்கும். பெயிண்ட் ஒட்டி இறுகிய மூட்டுக்கும் இதே வைத்தியம். புதுப் பொம்மையின் மூட்டு நகரவில்லையே என்று பலம் கொண்டு திருப்பி ஆணியை முறிப்பவர்கள் அதிகம். ஒரு கிண்ணம் வெந்நீர் அதைத் தடுத்திருக்கும்.

அளவு சிறுத்தால் வலிமை கூடும் என்ற வேடிக்கையான உண்மையும் இங்கே வேலை செய்கிறது. ஆறங்குல உருவம் என்பது மனிதனில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நீளம், அகலம், தடிமன் மூன்றும் அப்படிக் குறைவதால் கன அளவு 1728-ல் ஒரு பங்காகிவிடும். 120 கிலோ வீரர் அதே அடர்த்தியில் சுமார் 70 கிராம்தான் இருப்பார். கணுக்காலின் குறுக்குவெட்டுப் பரப்போ 144-ல் ஒரு பங்காகத்தான் குறைகிறது. ஆக, கணுக்கால் தாங்க வேண்டிய தகைவு, அதாவது பரப்பின் ஒவ்வோர் அலகிலும் விழும் சுமை, அசலில் இருப்பதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மல்யுத்த மேடையின் மேல் கயிற்றிலிருந்து குதிக்கும் நிஜ வீரரின் முழங்கால் தேய்கிறது. மேசையிலிருந்து விழும் பொம்மைக்குக் கீறல்கூட விழுவதில்லை.

முகத்தின் கணக்கு நேரெதிர். அங்கே சிறியதாவது எல்லாவற்றையும் கடினமாக்குகிறது. இந்த அளவில் தலை சுமார் 19 மில்லிமீட்டர். கண் இரண்டரை மில்லிமீட்டர். கருவிழி ஒரே ஒரு மில்லிமீட்டர். அதைக் கால் மில்லிமீட்டர் தள்ளி அச்சிட்டால், நிஜ முகத்தில் மூன்று மில்லிமீட்டர் தள்ளியதற்குச் சமம். பார்த்த கணமே மாறுகண் என்று தெரிந்துவிடும். நம் மூளையின் அடிப்பக்கத்தில் முகங்களைக் கண்டவுடன் முனைப்பாகும் ஃபியூசிஃபார்ம் பகுதி உள்ளது. முழங்காலின் வடிவம் தவறினால் மன்னிக்கிற நாம் கண் தவறினால் மன்னிப்பதில்லை.

நெடுங்காலமாகக் கண்களை அச்சிடும் முறை அழகானது. உலோகத் தகட்டில் கண்ணின் வடிவத்தை மிக ஆழமில்லாத பள்ளமாகச் செதுக்கி, மையை நிரப்பி, மிச்சத்தைக் கத்தியால் வழித்துவிடுவார்கள். அதன் மேல் சிலிகோன் மொட்டு ஒன்று அமுங்கி எழும். மையின் கரைப்பான் ஆவியாகத் தொடங்கியதும் மேல்பக்கம் பசையாகி மொட்டில் ஒட்டிக்கொள்கிறது. மொட்டு நகர்ந்து பொம்மையின் முகத்தை அடைவதற்குள் வெளிப்பக்கமும் பசையாகிவிடும். சிலிகோன் எதையும் இறுகப் பிடிக்காது; அதனால் மை முழுவதும் முகத்துக்கு மாறுகிறது. மொட்டு மென்மையானது என்பதால் மூக்கின் மேட்டிலும் கண்ணின் குழியிலும் ஒரே சீராகப் படியும். ஆனால் வெள்ளை, கருவிழி, பாவை, புருவம் என ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி முத்திரை. ஒன்று பிசகினாலும் முகம் கெட்டது.

2010-களின் பிற்பகுதியில் மேட்டலும் ஹாஸ்ப்ரோவும் முகங்களை டிஜிட்டல் முறையில் நுண்ணிய மைத்துளிகளாக அச்சிடத் தொடங்கின. வீரரின் முகத்தை முப்பரிமாணத்தில் வருடி எடுத்த தரவிலிருந்தே சிற்பமும் வண்ணமும் வருவதால், கன்னத்துச் சிவப்பும் தாடியின் நிழலும்கூட வந்துவிட்டன. உருப்பெருக்கியில் பார்த்தால் செய்தித்தாள் படம்போலப் புள்ளிகள் தெரியும். கைநீள தூரத்தில் அவை கலந்து உயிருள்ள தோலாகிவிடுகின்றன. விலை மலிந்த பொம்மைகளின் முகத்தை இந்த ஒரே நுட்பம் மாற்றியது என்று தயங்காமல் சொல்வேன்.

ஒரே உடம்பு திரும்பத் திரும்ப வருகிறதே என்று விமர்சகர்கள் குறைப்படுவதுண்டு. காரணம் செலவு: எஃகு அச்சு செய்யப் பல்லாயிரம் டாலர் ஆகும். சூப்பர் ஹீரோக்கள் உடலோடு ஒட்டிய உடை அணிபவர்கள். ஒரே உடம்பில் வண்ணத்தை மாற்றினால் வேறு நாயகன். மல்யுத்தத்தில் அந்தச் சிக்கனம் எடுபடாது. ஏழடி நாலங்குலம் என்று அறிவிக்கப்பட்ட ஆந்த்ரே தி ஜயண்டும் ஐந்தடி ஆறங்குல ரே மிஸ்டீரியோவும் ஓர் உடம்பைப் பகிர முடியுமா? முடியும் என்று காட்ட முயலும் தயாரிப்புகளை நிராகரிப்பதில் தப்பில்லை.

நம் ஊர்ச் சேகரிப்பாளர்களுக்கு: நேர் வெயிலும் அலமாரிக்குள் எரியும் சூடான விளக்கும் வேண்டாம். பிசுபிசுத்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும், தின்னர் பெயிண்டை எடுத்துவிடும். மூட்டுக்குச் சிலிகோன் எண்ணெய் ஒரு துளி. பெட்ரோலிய எண்ணெய் ஏபிஎஸ்ஸில் விரிசல் உண்டாக்கலாம். குழந்தைகளுக்கு வாங்குவதானால் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

விமர்சனம் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டி பிரித்த அன்று எழுதுங்கள், நல்லதுதான். அதே உருவத்தை ஐந்து கோடைகள் கழித்தும் எடுத்து, மூட்டு பிடிக்கிறதா, தோள் பிசுபிசுக்கிறதா, வெள்ளைக் காலணி மஞ்சளானதா என்று பார்த்து இன்னொரு முறை எழுதுங்கள். அடுத்து வாங்கப் போகிறவருக்கு அந்த இரண்டாவது விமர்சனம்தான் அதிகம் உதவும்.